நெடுநடை: முதல் நாள் சந்தேகங்கள்

பல நாள் நடைப்பயணத்துக்குத் தயாராகும் வாசகர்கள் அனுப்பியவற்றில், முதல் நாளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பத்து நாளில் 220 கிலோமீட்டர் நடப்பதாகத் திட்டம். நாளுக்கு 22 என்று சமமாகப் பிரித்துவிட்டேன். வாரக் கடைசியில் 25 கிலோமீட்டர் வரை நடந்து பழக்கம் உண்டு. சரியாக வருமா?

முதல் நாள் சரியாகவே வரும். மூன்றாம் நாள் எழுந்து நிற்கும்போதுதான் கணக்கு உதைக்கும். வாரக் கடைசியில் 25 நடப்பவர் மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறார்; இங்கே மறுநாளும் 22, அதற்கு மறுநாளும் 22. போதாக்குறைக்கு, மொத்தப் பயணத்திலும் பை அதிகம் கனப்பது முதல் நாளில்தான். கொண்டுபோகும் சாப்பாட்டில் ஒரு பிடிகூட அன்றைக்குக் குறைந்திருக்காது.

முதல் நாள் 14, இரண்டாம் நாள் 17, மூன்றாம் நாள் 20 என்று வைத்துப் பாருங்கள். மீதி 169 கிலோமீட்டர், ஏழு நாள். நாளுக்கு 24 சொச்சம்தான் வருகிறது. நீங்கள் போட்ட 22-ஐவிட இரண்டே கிலோமீட்டர் கூடுதல், அதுவும் உடம்பு பழகி, பை இளைத்த பிறகு.

தூரத்தைவிட நேரக் கணக்கு முக்கியம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதியை இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 14 கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 48 நிமிடம், கூட 45 நிமிடம். ஆக 3 மணி 33 நிமிடம். ஆனால் இது நல்ல திடகாத்திரமான ஆள் நிற்காமல் நடக்கும் நேரம். முதல் நாள், முழுச் சுமை என்பதற்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்: 4 மணி 45 நிமிடம். சாப்பாடு, ஓய்வு, பை சரிசெய்ய நிற்பது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம். ஐந்தே முக்கால் மணி ஆகிவிட்டது. சூரியன் 6.15-க்கு மறைகிறது என்றால் 4.15-க்குள் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் 10.30-க்கு நடை தொடங்கியாக வேண்டும்.

இந்தப் பத்தரைதான் பலருக்குத் தப்புகிறது. தொடக்க இடத்துக்குப் போய்ச் சேர்வது, கடைசி நேரத்தில் ஏதாவது வாங்குவது, பையை மறுபடி கட்டுவது என்று முதல் நாள் எப்போதும் தாமதமாகவே தொடங்கும். பன்னிரண்டுக்குத்தான் கிளம்ப முடிந்தது என்றால் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். வழியில் 8, 9 கிலோமீட்டரில் தங்க இன்னோர் இடம் உண்டா என்று வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டால் அன்றைக்கு அந்த முடிவை எடுப்பது சுலபம்.

கேள்வி: என் எடை 68 கிலோ, பை 17 கிலோ. எல்லாமே தேவையானதாகத்தான் தெரிகிறது. எதைக் குறைப்பது?

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு அது 13.6 கிலோ. மூன்றரைக் கிலோ இறக்க வேண்டும்.

பையைத் தரையில் கொட்டி, 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று எடுத்தவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். பெரும்பாலும் துணிதான் முதலில் மாட்டும். நடக்க ஒரு செட், படுக்க ஒரு செட், சாக்ஸ் மட்டும் மூன்று ஜோடி. இதற்கு மேல் வேண்டாம். சாப்பாடு, உலர்ந்த பொருளாக இருந்தால், நாளுக்கு 600 முதல் 700 கிராம். ஐந்து நாளுக்கு மூன்றரைக் கிலோ. ஐந்தாவது நாள் வழியில் வாங்க முடியும் என்றால் பத்து நாள் சாப்பாட்டைச் சுமப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறக்கவே கூடாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். மூன்று பேர் சேர்ந்து போகிறவர்கள் மூன்று அடுப்பு, மூன்று மருந்துப் பெட்டி, மூன்று கத்தி கொண்டுபோவதையும் பார்க்கிறோம்.

எடையைக் குறைக்கிறேன் என்று கையை வைக்கக் கூடாதவை நான்கு: மழை உடை, கதகதப்புக்கான ஓர் அடுக்கு, தலையில் மாட்டும் டார்ச், மருந்துப் பை.

கேள்வி: கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்த பை, நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் தோளை அறுக்கிறது. பையை மாற்ற வேண்டுமா?

முதலில் பட்டைகளை இழுக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள். பையை மாட்டியதும் தோள்பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் கோளாறு. சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தோளுக்குப் பை சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். லேசாகக் குனிந்து பையை மேலே தூக்கி, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் படும்படி வைத்து இறுக்குங்கள். தொப்புளைச் சுற்றிக் கட்டினால் அது மிக மேலே. வயிற்றைப் பிசையும், மூச்சு முட்டும். பிறகு தோள்பட்டைகளைப் பின்னோக்கி, தோளோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதன்பின் தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்னப் பட்டைகள்; அவை சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியாக மார்புப் பட்டை, ஆழமாக மூச்சு விட இடம் வைத்து. இப்போது தோள்பட்டைக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள், தாராளமாகப் போக வேண்டும்.

அடுக்குவதிலும் பிழை இருக்கலாம். கனமான பொருள் (சாப்பாடு, தண்ணீர், அடுப்பு) முதுகை ஒட்டி, தோள் எலும்புகளின் மட்டத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் வர வேண்டும். படுக்கைச் சாமான் அடியில். இலேசான துணிமணி வெளிப்பக்கம். கனமானது முதுகைவிட்டு விலகினால் பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நீங்கள் முன்னால் குனிவீர்கள், கழுத்து வலிக்கும். மழை உடையும் தின்பண்டமும் மருந்தும் பையைப் பிரிக்காமலே கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மழை பெய்யும்போது 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று நனைந்துவிடுவீர்கள்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் உங்கள் முதுகின் நீளத்துக்கும் பையின் நீளத்துக்கும் ஒத்துப்போகவில்லை. தலையைக் குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்புகளின் உச்சி மட்டம் வரை அளந்தால் முதுகு நீளம் கிடைக்கும். பையின் அளவு அதற்குப் பொருந்த வேண்டும்.

இன்னொன்று. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலோ எரிந்தாலோ, இடுப்புப் பட்டை அங்கே போகும் நரம்பை அழுத்துகிறது என்று பொருள். அரை அங்குலம் தளர்த்தி, சற்று இடம் மாற்றுங்கள். கை மரத்தால் தோள்பட்டை இறுக்கம். மரத்துப்போவதை 'பழகிவிடும்' என்று விடக் கூடாது, வலியைவிட இதற்கு உடனே மதிப்புக் கொடுங்கள்.

கேள்வி: கொப்புளம் வராமல் தடுக்க வழி உண்டா? வந்தால் உடைக்கலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொப்புளம் தோல் மேலே தேய்வதால் மட்டும் வருவதல்ல. வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் பிரிந்து, இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் ஈரமான கால், தளர்ந்த ஷூ, பருத்தி சாக்ஸ் மூன்றும் சேர்ந்தால் பத்துக் கிலோமீட்டருக்குள் குதிகால் போய்விடுகிறது. பருத்தி ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் போடுங்கள். புது ஷூவோடு முதல் நாளைத் தொடங்கவே வேண்டாம். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், ஆகவே சாயங்கால நேரத்தில், நடைக்கான சாக்ஸ் போட்டுக்கொண்டு, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்கியிருக்க வேண்டும். கால் நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே, ஓரங்களை வளைக்காமல் நேராக வெட்டிவிடுங்கள்.

முதல் நாள் தொடங்கி அரை மணி நேரத்தில், ஒன்றுமே தெரியாவிட்டாலும் நின்று ஷூவைக் கழற்றிப் பாருங்கள். கொப்புளம் சொல்லாமல் வராது. முதலில் ஓரிடம் மட்டும் சூடாக இருக்கும். அல்லது சாக்ஸ் மடிந்திருப்பதுபோல், மணல் புகுந்ததுபோல் ஓர் உணர்வு. கழற்றினால் மடிப்பும் இருக்காது, மணலும் இருக்காது, தோல் மட்டும் சிவந்திருக்கும். பிளாஸ்திரி போட வேண்டிய நேரம் அதுதான். 'அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பெரும்பாலான கொப்புளங்கள் உருவாகின்றன. கூட வருபவர்களை நிறுத்தக் கூச்சப்படாதீர்கள்.

துத்தநாக ஆக்ஸைடு பிளாஸ்திரி, துணி போன்ற கெட்டியான வகை, இதற்குத் தோதானது. காலை நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி, காயவிடுங்கள். சிவந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது தாண்டும்படி வெட்டி, நான்கு மூலைகளையும் வட்டமாகக் கத்தரியுங்கள்; கூர்மையான மூலை சாக்ஸில் சிக்கி உரிந்து வரும். சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். வாசலின் தடவிய இடத்தில் பிளாஸ்திரி நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் ஓட்டு குதிகாலுக்குப் பிளாஸ்திரி, தொடை இடுக்குக்கு வாசலின்.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கினால் பிளாஸ்திரி மட்டும் போதாது, லேஸைக் கட்டும் முறையை மாற்றுங்கள். கடைசித் துளைக்கு வரும்போது லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் நேராக மேலே செருகி ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படி வளையம் வந்ததும், வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். கணுக்கால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். இறக்கத்துக்கு முன்பும் இந்த இறுக்கம் வேண்டும், இல்லாவிட்டால் விரல் நுனி ஷூவில் இடித்து நகம் கறுக்கும்.

இனி, உடைப்பதா வேண்டாமா. சின்னது, வலியில்லை என்றால் தொடாதீர்கள். மேல்தோல்தான் கிடைக்கக்கூடிய நல்ல கட்டு. பெரியதாகி, அடி வைக்கவே முடியவில்லை என்றால் நீரை எடுக்கலாம். கையைக் கழுவி, இடத்தைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கொப்புளத்தின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். தோலை உரிக்காதீர்கள். மேலே களிம்பு, ஒட்டாத கட்டு, பிளாஸ்திரி. ஊசியில் நூல் கோத்து உள்ளேயே விட்டுவைக்கும் பழைய முறை வேண்டாம், கிருமி உள்ளே போக நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசியைத் தொடவே கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் தெரிந்தால் யாராக இருந்தாலும் நடையை நிறுத்துங்கள்.

கேள்வி: நான்கு லிட்டர் தண்ணீர் தூக்கிக்கொண்டு கிளம்பலாமா?

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஏற்றத்தில் அதைப்போல் இரு மடங்கு வரை ஆகலாம். ஆனால் மொத்த நாளுக்கானதையும் காலையிலேயே சுமக்க வேண்டியதில்லை. அடுத்து நிச்சயமாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதற்கு ஏற்ப எடுத்து, அரை லிட்டர் கைவசம் வையுங்கள். கிளம்பும் முன் அரை லிட்டர் குடித்துவிட்டால் அது பையில் கனக்காது.

ஓடை, ஊற்று நீரைத் தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்காதீர்கள். கொதித்துப் பொங்கும் நிலையில் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். குளோரின் டையாக்ஸைடு மாத்திரை என்றால் அதன் உறையில் எழுதிய நேரம் காத்திருக்க வேண்டும். சில ஒட்டுண்ணிகளுக்கு நான்கு மணி நேரம் வரை ஆகும். கையடக்க நுண்குழல் வடிகட்டிகள் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பெரும்பாலும் பிடிக்காது. ஒருமுறை நனைத்த வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே வெடிப்பு விழும், வெளியே தெரியாது. உறைபனி இரவில் அதை உங்களோடு படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தாகமில்லாதபோதும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். தாகத்துக்குக் குடித்து, இடையிடையே உப்புள்ளது ஏதாவது தின்றால் போதும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். இருவர் வேகமாக நடப்பவர்கள். நான் கடைசி. முதல் நாளே மூச்சு வாங்கி மானம் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

மானத்தை விடுங்கள், ஓய்வுதான் போகும். முன்னால் போனவர்கள் மேட்டில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் 'சரி, கிளம்பலாமா?' என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் ஓய்வு, உங்களுக்கு ஒரு நிமிடம். அதிகம் களைத்தவருக்குக் குறைந்த ஓய்வு. கடைசி ஆள் வந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஏற்றத்தில் உங்களை முன்னால் விடச் சொல்லுங்கள். வேகமானவர்களின் பையில் கூடாரத்தையும் சமையல் சாமானையும் கூடுதலாக ஏற்றலாம், அவர்களும் மறுக்க மாட்டார்கள்.

நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரும்படி உடுத்துங்கள். கதகதப்பாகக் கிளம்பினால் கால் மணி நேரத்தில் வியர்த்து உள்ளாடை நனையும், நின்றதும் அந்த ஈரமே நடுக்கும்.

கேள்வி: ஊன்றுகோல் அவசியமா? எவ்வளவு உயரம்?

இறக்கத்தில் முட்டிக்கு வரும் பாரத்தைக் குறைக்கும், ஆற்றைக் கடக்கும்போது மூன்றாவது கால். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடியும் உயரம். நீண்ட ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். கையைப் பட்டையின் அடிப்பக்கமாக மேலே நுழைத்து, பட்டையோடு சேர்த்துப் பிடியைப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: முதல் நாள் மாலையே போன் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஏன்?

சிக்னல் வீக்காக உள்ள இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் திறந்து பாருங்கள். காகித வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: போய்ச் சேர்ந்ததும் அப்படியே படுத்துவிடத் தோன்றுகிறது. மறுநாள் உடம்பு வலி சகஜமா, ஆபத்தா?

படுப்பதற்கு முன் அரை மணி நேர வேலை இருக்கிறது. உடம்புச் சூடு இறங்குவதற்குள் ஈர உடையை மாற்றுங்கள், கூடாரத்தை நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி அடியுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். பிறகு பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை காயவைத்து, படுக்கைக்கென்று வைத்த உலர்ந்த சாக்ஸ் போடுங்கள். அந்த ஜோடியை நடக்கப் பயன்படுத்தவே கூடாது. ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து வையுங்கள்.

தசைவலி அன்றைக்கு வராது; ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால்தான் ஏறியதைவிட இறங்கியது அதிகம் வலிக்கிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுக்க, நடக்க நடக்கக் குறைகிறது என்றால் பயமில்லை. ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், நடக்க நடக்கக் கூடுகிறது என்றால் அது காயம். குறிப்பாக முன்னங்கால் எலும்பு, குதிகால் தசைநாண், முட்டி இவற்றில் அப்படி வந்தால் மறுநாள் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகும் நொண்டினால் பயணத்தை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசில் கட்டாயம் என்கிறார்கள். ஊதினால் யாருக்கு என்ன புரியும்?

மலைப்பகுதிகளில் பொதுவாக வழங்கும் ஆபத்து அறிகுறி: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. இரவில் டார்ச்சை அணைத்து எரித்தும் இதையே காட்டலாம். பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று முறை கேட்டால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள்; அவர்கள் வந்து சேரும்வரை நீங்கள் ஊதிக்கொண்டே இருங்கள். விசிலைப் பைக்குள் போடாதீர்கள், தோள்பட்டையில் கட்டுங்கள். சில பைகளில் மார்புப் பட்டையின் கொக்கியே விசிலாக இருக்கும், ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.